ஊஞ்சலை இழுத்தால் கெத்தா, திமிரா? சினிமாவில் ஆண்மை, பெண்மைக் குறியீடுகள்: ஓர் எளிய அறிமுகம்

வெண்ணாற்றுக் கரையில் எங்கள் ஊர். எழுபதுகளில் அங்கே ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. கீற்றுக் கூரை, மணல் தரை, நடுவில் இடுப்பளவுக்கு ஒரு குட்டைச்சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். ஒன்பது வயது வரை நான் அம்மாவோடும் அப்பாயியோடும் (அப்பாவின் அம்மா) பெண்கள் பக்கம் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்தவன். ஒரு நாள் டிக்கெட் கிழிப்பவர் என்னை நிறுத்தி, "மீசை முளைக்கிற வயசாச்சு, இன்னும் என்னடா முந்தானையப் புடிச்சிக்கிட்டு, அந்தப் பக்கம் போ" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஆண்கள் பக்கம். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. திரை ஒன்று, படம் ஒன்று, ஆனால் இரண்டு பக்கமும் கை தட்டுகிற இடம் வேறு, 'உச்' கொட்டுகிற இடம் வேறு. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். சினிமாவில் ஒரு கதாபாத்திரம் எப்படி 'ஆண்மை' என்றும் 'பெண்மை' என்றும் ஒன்றைக் காட்டுகிறது, அதை நாம் எப்படிக் கண்டுபிடித்துப் படிப்பது என்று என்னால் முடிந்தவரை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் குறியீடு என்றால் என்ன? ஒரு வீட்டு வாசலில் குலை தள்ளிய வாழைமரம் இரண்டு கட்டியிருந்தால் உள்ளே கல்யாணம் என்று யாரும் போர்டு எழுதி வைக்க வேண்டியதில்லை. வாழைமரம் அங்கே வெறும் மரமாக நிற்கவில்லை, ஒரு சேதியைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. சினிமாவில் மீசையும் அப்படி, மல்லிகைப்பூவும் அப்படி. படத்துக்கு இருப்பதே இரண்டரை மணி நேரம். அதற்குள் இவன் எப்பேர்ப்பட்டவன், இவள் எப்பேர்ப்பட்டவள் என்று சொல்லியாக வேண்டும் என்பதால் உட்காரும் விதம், நடை, குரல், கையில் இருக்கும் பொருள், கேமரா வைக்கும் கோணம் என்று எல்லாவற்றையும் வாழைமரம் மாதிரி கட்டி வைக்கிறார்கள். நமக்கும் பழகிப்போனதால், பார்த்தவுடனே புரிந்துவிடுகிறது. புரிகிறது என்பதே தெரியாமல் புரிந்துவிடுகிறது.

அடுத்தது, ஆண் வேறு, ஆண்மை வேறு. பெண் வேறு, பெண்மை வேறு. முதலாவது உடம்பு. இரண்டாவது, இந்த உடம்பு உள்ளவர் இப்படித்தான் நிற்கணும், பேசணும், அழணும், அழக்கூடாது என்று ஊர் கற்றுக்கொடுப்பது. இதை நம் பக்கத்து ஆட்களுக்குப் புத்தகம் வைத்து விளக்க வேண்டியதில்லை. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கிறது, போய்ப் பாருங்கள். பிரகலாதனின் தாய் லீலாவதியாக வருவது ஆண்தான். புடவை, நகை, பின்னல், கண்ணை இறக்கிப் பார்க்கிற அந்தப் பார்வை எல்லாம் சேர்ந்து பத்தே நிமிடத்தில் அவர் தாயாகிவிடுவார், கூட்டம் அழும். இதற்கு எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1935-இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். ஆணாக நடித்த அந்தப் படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய் என்பது அந்தக் காலத்தில் நாடே பேசிய செய்தி. ஆண்மையும் பெண்மையும் உடம்போடு ஒட்டிப் பிறந்தவை என்றால் இந்த மாற்றுவேஷம் எதுவும் எடுபட்டிருக்காது. கற்றுக்கொண்டு கட்டிக்கொள்ளக்கூடிய விஷயமாக இருப்பதால்தான் எடுபடுகிறது.

இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ரொம்பப் பழசு. அச்சமும் நாணும் மடனும் (தெரிந்தும் தெரியாதது போல இருக்கும் பேதைமை) பெண்ணுக்கு உரியவை என்றும், பெருமையும் உரனும் (மன வலிமை) ஆணுக்கு உரியவை என்றும் தொல்காப்பியம் சொல்கிறது. பிற்பாடு பயிர்ப்பையும் (பழகாததைக் கண்டு கூசி ஒதுங்குவது) சேர்த்து, பெண்ணுக்கானதை நான்காக்கினார்கள். நம் பழைய படங்களில் அம்மா மகளுக்குப் புத்தி சொல்லும் வசனத்தில் இந்த நான்கும் எத்தனை முறை வந்திருக்கும்! இதற்கு நேர் எதிரே நின்று, பெண்கள் விடுதலைக்கு 'ஆண்மை' என்கிற கருத்தே அழிய வேண்டும் என்று எழுதினார் பெரியார். வீரத்துக்கும் துணிச்சலுக்கும் ஆண்மை என்று பெயர் வைத்துவிட்டால், பெண்ணுக்கு அவை இல்லை என்று மொழியே தீர்ப்பு எழுதிவிடுகிறது என்பதுதான் அதன் உள்ளர்த்தம். இதை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அப்புறம், 'ஆண்மையுள்ள பெண்' என்று பாராட்டாகச் சொல்கிற ஒரு வசனத்தை ஏதோ ஒரு படத்தில் கேட்டபோதுதான் சுருக்கென்றது.

சரி, அந்தப் பட்டியல் மாறாமலே இருக்கிறதா? இல்லை, அதுதான் இதில் சுவாரசியமான விஷயம். 1940-களில் தமிழ்நாட்டின் பெரிய ஹீரோ யார்? மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர். தோள் வரைக்கும் தொங்கும் முடி, காதில் வைரக் கடுக்கன், பட்டு ஜிப்பா, ஜரிகை அங்கவஸ்திரம், நெற்றியில் பொட்டு. அவர் நடித்த 'ஹரிதாஸ்' 1944-இல் வெளிவந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்தது. ஆண்கள் அவரைப் பார்த்து முடி வளர்த்தார்கள், அதற்கு 'பாகவதர் கிராப்பு' என்றே பெயர் வந்தது. இன்றைக்கு ஒரு ஹீரோ அதே கடுக்கன், அதே தொங்கு முடி, அதே பொட்டோடு வந்து சண்டையே போடாமல் பாடிக்கொண்டே இருந்தால் தியேட்டரில் இளவட்டங்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அதுதான் ஆண் அழகு. நம் டெல்டாவில் கோயில் திருவிழாக்களில் வாசித்த நாயனக்காரர்களும் (நாதஸ்வர வித்வான்கள்) அப்படித்தான், சந்தனமும் சங்கிலியும் மோதிரமும் அத்தர் வாசனையுமாக வந்து நிற்பார்கள், யாரும் அதில் பெண்மையைப் பார்க்கவில்லை. ஐம்பது வருஷத்தில் அந்தப் பொருள்கள் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போடப்பட்டு, ஆண் பக்கத்துக்கு மீசையும் அரிவாளும் புல்லட்டும் வந்து சேர்ந்தன.

மீசை என்றவுடன் 'தேவர் மகன்' (1992) ஞாபகம் வராமல் இருக்காது. கமல்ஹாசன் ஊருக்குள் வரும்போது நீளமுடி, தாடி, பட்டணத்து உடை. அப்பா இறந்தபிறகு அதே ஆள் முடியை வெட்டி, பெரிய மீசையும் வேட்டியுமாக வருகிறார். வசனமே தேவையில்லை, பொறுப்பு கைமாறியது, மகன் 'ஆளானான்' என்று உடையும் மீசையும் சொல்லிவிடுகின்றன. ஆனால் அந்தப் படத்தை நான் மதிப்பதற்குக் காரணம் வேறு. அந்த மீசை அவனுக்கு வரமாக வரவில்லை, சுமையாக வருகிறது. அவன் போக நினைத்த வழியை அந்த வேஷம் அடைத்துவிடுகிறது. ஆண்மைக் குறியீடு ஆணையும் பிடித்துப் போட்டு நசுக்கும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வெகுஜனப் படம் குறைவு.

இப்போது உட்காரும் இடத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கூடத்து ஊஞ்சல் வீட்டுப் பெரியவருக்கு. திண்ணை ஆண்களுக்கு. பெண்கள் நிலைப்படிக்குப் பின்னால் நின்றபடி பேசுவார்கள், அப்பாயி அப்படித்தான் பேசி நான் பார்த்திருக்கிறேன், தாத்தா போன பிறகும்கூட அந்த ஊஞ்சலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இந்த வீட்டு இலக்கணம் தெரிந்தவர்களுக்கு 'படையப்பா' (1999) படத்தில் அந்த ஊஞ்சல் காட்சி ஏன் அவ்வளவு வேலை செய்தது என்று புரியும். நீலாம்பரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், வந்த படையப்பாவுக்கு நாற்காலி இல்லை. அவர் தோள் துண்டை மேலே வீசி, கட்டி வைத்திருந்த ஊஞ்சலை இழுத்து இறக்கி, அதில் உட்காருகிறார். கொட்டகை இடிந்துவிழுகிற மாதிரி கைதட்டல். அங்கே நடப்பது ஒரு ஆள் உட்கார இடம் தேடிக்கொண்டது மட்டும்தானா? துண்டு, ஊஞ்சல், கால்மேல் கால் என மூன்று பொருளை வைத்து, இந்தக் கூடம் யாருடையது என்கிற சண்டை ஒரு நிமிடத்தில் நடந்து முடிகிறது.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டேன். அதே காட்சியில் ஆளை மாற்றிவிடுவோம், ஆண் உட்கார்ந்திருக்கிறார், நாற்காலி கிடைக்காத பெண் முந்தானையை வீசி ஊஞ்சலை இறக்கி உட்காருகிறாள், எப்படி இருக்கும்? அக்கா மகன் "திமிரு மாமா" என்றான் உடனே. ரஜினி செய்தால்? "அது கெத்து." செயல் ஒன்றுதான், செய்தவர் மாறியவுடன் பெயர் மாறிவிட்டது. அவன் தங்கை இரண்டுக்கும் கெத்து என்றுதான் சொன்னாள், ரெண்டு பேரும் சாப்பாடு வரைக்கும் சண்டை போட்டார்கள். குறியீட்டைப் படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பயிற்சி இதுதான்: ஆளை மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் எந்த இடத்தில் சிரிப்போ கூச்சமோ எரிச்சலோ வருகிறதோ, அங்கே ஒரு குறியீடு ஒளிந்திருக்கிறது.

பார்வை பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். லாரா மல்வி என்கிற ஆங்கிலேய ஆய்வாளர் 1975-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஹாலிவுட் படங்களை வைத்து அவர் சொன்னதன் சாரம் இது: கேமரா பார்க்கிறது, பார்வையாளர் பார்க்கிறார், படத்துக்குள்ளே பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், இந்த மூன்று பார்வையும் ஆணின் கண்ணாகச் சேர்ந்துகொண்டு பெண்ணைப் பார்க்கப்படும் பொருளாக்கிவிடுகின்றன. ஆண் பார்ப்பவன், பெண் பார்க்கப்படுபவள். நம் படங்களில் ஹீரோ அறிமுகம் ஆகும்போது கேமரா காலடியில் கிடந்து மேலே நிமிர்ந்து பார்ப்பதையும், ஹீரோயின் வரும்போது அது இடுப்பிலும் முதுகிலும் ஊர்வதையும் நினைத்துக்கொண்டால் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆனால் மல்வியைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நம் ஊர்க் கதைதான். 'தில்லானா மோகனாம்பாள்' (1968). கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதியது, ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி, ஆட்டக்காரி திருவாரூர் மோகனாம்பாளாக பத்மினி. சிக்கலும் திருவாரூரும் எங்களுக்கு பஸ் ஏறிப் போகிற ஊர்கள், அதனாலேயே கொட்டகைக்கு இந்தப் படம் வந்தால் கூட்டம் தாங்காது. ஆட்டத்தைப் பார்க்க மாட்டேன் என்று வீம்பு பிடித்த நாயனக்காரர் கடைசியில் மறைவாக நின்று பார்க்கிறார். அவள் ஆடிக்கொண்டே அதைக் கண்டுபிடித்துவிடுகிறாள். 'மறைந்திருந்து பார்க்கும்' என்று தொடங்கும் அந்தப் பாட்டு சண்முகா என்று முருகனைக் கேட்கிற மாதிரி, இந்தச் சண்முகசுந்தரத்தைப் பிடித்துக் கேட்கிறது. இங்கே பார்க்கப்படுகிறவள் பார்ப்பவனைத் திரும்பிப் பார்க்கிறாள், பார்த்து ஊரறியக் கேள்வி கேட்கிறாள். ஒளிந்து நிற்பவன் ஆண். கூச்சமும் அவனுக்குத்தான். தொல்காப்பியம் பெண் பக்கம் வைத்த நாணம் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஆண் பக்கம் போய்விடுகிறது. பெண்கள் பக்கத்திலிருந்து அந்தப் பாட்டுக்கு எழுந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அந்தப் படத்தில் முன்கோபம், பொறாமை, சட்டென்று புண்படும் மனசு எல்லாம் ஆணுக்கு. நிதானம், தொழில் கர்வம், முடிவெடுத்தால் மாறாத பிடிவாதம் எல்லாம் பெண்ணுக்கு. வழக்கமான பட்டியலைப் புரட்டிப் போட்ட மாதிரி இருக்கும். முழுசாகப் புரட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் சந்தேகப்படுவார், தான் களங்கமற்றவள் என்று நிரூபிக்கிற வேலை திரும்பத் திரும்ப அவள் தலையில் விழும், அவரிடம் யாரும் எந்த நிரூபணமும் கேட்க மாட்டார்கள். எனக்கு உயிரான படம் இது, அதனாலேயே இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

இந்தப் படத்தோடு இன்னொன்றும் எனக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1977 நவம்பர் புயலில் எங்கள் சம்பாப் பயிர் முழுசும் தண்ணீரில் போனது. அப்பா அழவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அம்மாதான் அழுதாள், அவள் அழலாம், அவர் அழக்கூடாது என்பது வீட்டில் சொல்லாமலே நடந்த ஏற்பாடு. அடுத்த கோடையில் கொட்டகைக்கு இந்தப் படம் வந்தது. விஷக்கத்தி பட்டுப் பிழைத்து வந்த சண்முகசுந்தரத்தை மோகனாம்பாள் ஆட்டத்திலேயே நலம் விசாரிக்கும் இடத்தில், திரையில் சிவாஜியின் கண் கலங்க, ஆண்கள் பக்கத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. இருட்டில், ஒரு நடிகர் முதலில் அழுத பிறகுதான் அவரால் அழ முடிந்தது.

அதனால் ஒரு படத்தில் ஆண்மை, பெண்மையை அளக்க எனக்குத் தெரிந்த நல்ல கேள்விகள் இரண்டு. அழுகைக்கு யாருக்கு அனுமதி? கோபத்துக்கு யாருக்கு அனுமதி? ஆண் அழலாம், அம்மா இறந்தால், நண்பன் இறந்தால். பயந்து அழக்கூடாது, தோற்று அழக்கூடாது. பெண் கோபப்படலாம், ஆனால் அந்தக் கோபத்தின் மேல் இன்னொருவர் பெயர் எழுதியிருக்க வேண்டும். கண்ணகியைப் பாருங்கள், நம் பூம்புகார்ப் பெண். 1942-இல் 'கண்ணகி'யாகவும், 1964-இல் திருக்குவளையில் பிறந்த கருணாநிதியின் எழுத்தில் 'பூம்புகார்' ஆகவும் திரைக்கு வந்தாள். மதுரையை எரித்த கோபம் அது, ஆனாலும் எல்லோரும் கும்பிட்டார்கள், காரணம் அது புருஷனுக்கு நீதி கேட்ட கோபம். நீலாம்பரியின் கோபம் தனக்காக வந்தது. தன் ஆசை மறுக்கப்பட்டதற்காக, தன் கௌரவத்துக்காக. அதனால் அவள் வில்லி, அவளுக்கு எதிரில் அடக்கமான வசுந்தரா நாயகி. கடைசிவரை மன்னிப்புக் கேட்காமல் தன்னையே சுட்டுக்கொண்டு சாகிற நீலாம்பரியை இருபத்தைந்து வருஷம் கழித்தும் பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், வசுந்தராவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. படம் தண்டித்த பாத்திரத்தைப் பார்வையாளர் தூக்கி வைத்துக்கொள்வது இப்படி அடிக்கடி நடக்கும்.

நன்னிலத்தில் பிறந்த கே. பாலசந்தர் 1974-இல் 'அவள் ஒரு தொடர்கதை'யில் ஒரு பெண்ணைத் தன் சொந்தக் கசப்புக்காகவே கோபப்பட விட்டார். சம்பாதித்துக் குடும்பத்தைத் தூக்கும் கவிதா சுள்ளென்று பேசுவாள், சிடுசிடுப்பாள், படம் அவளை வில்லியாக்கவில்லை. அது பெரிய காரியம். என்றாலும் முடிவில் அவள் மறுபடியும் அதே சுமையைத் தூக்கிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள்.

நல்லவள், கெட்டவள் என்று இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்துவதும் ஒரு பழைய உத்தி. கண்ணகி, மாதவி. வசுந்தரா, நீலாம்பரி. 'பொன்னியின் செல்வன்' படங்களில் (2022, 2023) குந்தவையும் நந்தினியும் அப்படி நிறுத்தப்பட்டவர்கள் போலத் தெரிந்தாலும் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. இருவருமே அரசியல் செய்கிறவர்கள், ஆண்களைக் காய் நகர்த்துகிறவர்கள். இளவரசி அப்படி இருந்திருப்பாளா, சினிமாவுக்காகச் சொல்வதுதானே என்று கேட்பவர்கள் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பார்க்கட்டும். கோயிலுக்கு வந்த கொடைகளை எழுத வைக்கும்போது ராஜராஜன், தான் கொடுத்ததைச் சொன்ன கையோடு 'அக்கன் குடுத்தனவும்' என்று அக்காவைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போகிறான்.

இங்கே ஒரு தவறான புரிதலையும் தீர்த்துவிடலாம். திரையில் காட்டும் பெண்மை நம் வாழ்க்கையின் கண்ணாடி என்று சிலர் சொல்வார்கள். எங்கள் பக்கம் நாற்றுப் பறிப்பது ஆண்கள், நடவு பெண்கள். விடிந்ததிலிருந்து சேற்றில் குனிந்தபடி, நிமிராமல், பின்னோக்கி நகர்ந்துகொண்டே நட வேண்டும், மிஷின் வருவதற்கு முன்னால் காவிரித் தண்ணீர் பாய்ந்த அத்தனை வயலையும் இப்படித்தான் நட்டார்கள், கூலி மட்டும் ஆண் கூலியைவிடக் குறைவு. சினிமாவில் நடவு வரும்போது பெரும்பாலும் பாட்டாக வரும், சேறு படாத புடவையோடு. எங்கள் அப்பாயி நாளெல்லாம் நட்டுவிட்டு, இடுப்பில் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு ராத்திரி கொட்டகைக்கு வருவார். திரையில் ஒரு பெண் தனியாக ஒன்றும் செய்யத் தெரியாமல் கலங்கி நிற்பாள். "அய்யோ, பொம்பளப் புள்ள என்ன பண்ணும் பாவம்" என்று அழுவார். தன் உடம்பு செய்துகொண்டிருந்ததை அவர் பெண்மைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. கணக்கை எழுதியது திரை.

பெண் பாத்திரங்களை எண்ணிப் பார்க்க ஒரு சுலபமான சோதனையும் இருக்கிறது. 1985-இல் அலிசன் பெக்டெல் என்கிற அமெரிக்க ஓவியர் தன் படக்கதை ஒன்றில் போட்டது: படத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும், பேச்சு ஆணைப் பற்றியதாக இல்லாமல் இருக்க வேண்டும். உங்களுக்குப் பிடித்த பத்துப் படங்களில் போட்டுப் பாருங்கள். இதில் தேறாத நல்ல படமும் உண்டு, தேறிய மோசமான படமும் உண்டு, அதனால் இதை வைத்துப் படத்துக்கு மார்க் போட வேண்டாம்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் 'ஹரிதாஸ்', 'தில்லானா மோகனாம்பாள்', 'படையப்பா' மூன்றையும் இந்த வரிசையில் பாருங்கள். பத்து நிமிடம் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள், வசனம் போனால் உடம்பும் பொருளும் பேச ஆரம்பிக்கும். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், கேமரா யாருடைய முகத்தில் நிற்கிறது, யாருடைய உடம்பில் அலைகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டில் அம்மாவையோ அத்தையையோ பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் பேசாமல் இருந்தார்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.